அளவையின் எல்லையும் அமுக்கிய ஒளியும்

(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கதையும் கவிதையும் திறனாய்வும் பேசப்பட்டு வருகிற இந்த மேடையில், ஒளியியல் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. அதன் நிறைவு விழாவில் இத்தகைய பொருளுக்கும் இடம் தந்தமைக்கு முதற்கண் என் நன்றி.

இலக்கியக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்க நேர்கிற ஒரு வாக்கியம் உண்டு. "குவாண்டம் இயற்பியல் வந்த பிறகு, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது" என்பதே அது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல வாசகர்கள். ஹைசன்பர்க் 1927இல் வெளியிட்ட நிச்சயமின்மைக் கோட்பாட்டைப் பற்றி எங்கோ படித்திருக்கிறார்கள். அறிவுக்கு ஒரு வேலி போடப்பட்டுவிட்டது என்றும், அதற்கு அப்பால் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றும் அதிலிருந்து முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறு என்பதே என் உரையின் சாரம். இதை வெறும் வாதத்தால் நிறுவ நான் முயலப் போவதில்லை. அதே நிச்சயமின்மையை வரவு செலவுக் கணக்கில் எழுதி, ஒரு பத்தியிலிருந்து மற்றொரு பத்திக்கு மாற்றி, மனிதர் இதுவரை செய்த அளவைகளிலேயே மிக நுட்பமான ஒன்றை மேலும் நுட்பமாக்கிய வரலாறு ஒன்று நம் காலத்தில் நடந்திருக்கிறது. அந்த வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் 'கட்டம்' என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பாடநூல்களில் அலையின் கட்டம் என்று படித்திருப்பீர்கள். இசை கேட்பவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரங்கள். தாளம் சுழன்றுகொண்டே இருக்கிறது. எந்த நொடியை எடுத்துக்கொண்டாலும் அந்தச் சுழற்சியின் ஏதோ ஓரிடத்தில் நாம் நிற்கிறோம். அந்த இடமே கட்டம். ஒரு பாட்டின் எடுப்பு சமத்திலிருந்து எவ்வளவு தள்ளி அமைந்திருக்கிறது என்று கேட்பது கட்ட வேறுபாட்டைக் கேட்பதாகும்.

ஒளியும் அலையாதலால் அதற்கும் இத்தகைய சுழற்சி உண்டு. நான் பேசப்போகும் கருவிகளில் பயன்படும் லேசர் அகச்சிவப்பு ஒளியைத் தருவது. அதன் அலைநீளம் 1064 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரே கற்றையை இரண்டாகப் பிரித்து இரு வழிகளில் அனுப்பி மீண்டும் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவழிகளும் சமமானால் முகடும் முகடும் சேர்ந்து வெளிச்சம் மிகும். ஒரு வழி அரை அலைநீளம் அதிகமானால் முகடும் பள்ளமும் சந்தித்து இருள் பிறக்கும். ஆக, சேருமிடத்தில் தோன்றும் வெளிச்சத்தையும் இருளையும் பார்த்தே இருவழிகளின் நீள வேறுபாட்டை அறிந்துவிடலாம். இதைச் செய்யும் கருவிக்குக் குறுக்கீட்டுமானி என்று பெயர். ஆல்பர்ட் மைக்கல்சன் 1881இல் ஜெர்மனியில் இதைக் கொண்டு ஈதர் என்ற ஊடகத்தைத் தேடினார். 1887இல் எட்வர்ட் மார்லியுடன் சேர்ந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேலும் திருத்தமாகத் தேடினார். ஈதர் அகப்படவில்லை. ஆனால் ஒளியைக் கொண்டு நீளத்தை அளக்கும் வழி நிலைத்துவிட்டது.

இனி, நூறாண்டுகளுக்குப் பின் அதே கருவியின் வழித்தோன்றல் என்ன செய்தது என்று பார்ப்போம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டிலும் லூசியானா மாநிலத்தின் லிவிங்ஸ்டனிலும் லைகோ என்ற இரட்டை நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் செங்கோணத்தில் பிரியும் இரு குழாய்கள். ஒவ்வொன்றின் நீளமும் 4 கிலோமீட்டர். குழாய்களுக்குள் காற்று நீக்கப்பட்டிருக்கிறது. முனைகளில் 40 கிலோகிராம் எடையுள்ள கண்ணாடிகள் மெல்லிய சிலிக்கா இழைகளில் தொங்குகின்றன. 2015 செப்டம்பர் 14 அன்று, 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இரு கருந்துளைகள் ஒன்றிணைந்தபோது எழுந்த ஈர்ப்பலை இந்நிலையங்களைக் கடந்து சென்றது. அப்போது அந்த 4 கிலோமீட்டர்க் கரங்களின் நீளத்தில் ஏற்பட்ட வேறுபாடு, ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறக்குறைய 400இல் ஒரு பங்கு. அதைக் கருவி பதிவு செய்தது. ரெய்னர் வைஸ், பேரி பேரிஷ், கிப் தோர்ன் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தனை சிறிய மாற்றத்தைக் காண முடிகிற கருவிக்கு எல்லை எது? நில அதிர்வும் வெப்பத்தால் அணுக்கள் நடுங்குவதும் தொல்லை தருபவைதாம். ஆயினும் பொறியியல் திறத்தால் அவற்றை ஓரளவுக்கு அடக்கிய பின்னரும் எஞ்சுகிற தொல்லை ஒன்று உண்டு. அது ஒளியிலேயே இருக்கிறது.

ஓட்டு வீட்டில் மழை ஒழுகும்போது கீழே ஒரு பாத்திரத்தை வைக்கிறோம். துளிகளை எண்ணினால் ஒரு நிமிடத்தில் 100 விழலாம். அடுத்த நிமிடம் 93, அதற்கடுத்து 108. மழை ஒரே சீராகப் பெய்தாலும் துளிகள் ஒன்றையொன்று கலந்தாலோசித்து விழுவதில்லை. ஆகையால் எண்ணிக்கை ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியிருக்கும் என்பது கணிதம். 100 துளிகளுக்கு ஏற்ற இறக்கம் 10. அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 துளிகளுக்கு 100, நூற்றுக்கு ஒன்று. ஒளியும் ஃபோட்டான் என்னும் துளிகளாகவே உணர்கருவியில் வந்து விழுகிறது. ஆகவே வெளிச்சத்தின் அளவில் இந்த ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். மின்னோட்டத்தில் இதற்கு இணையான இரைச்சலை வால்டர் ஷாட்கி 1918இல் விளக்கினார். ஈயக் குண்டுகள் சிதறி விழும் ஓசையை நினைவூட்டும் பெயரை அதற்கு இட்டார். நாம் இதைத் துளி இரைச்சல் என்று சொல்லிக்கொள்வோம்.

இதற்கு எளிய பரிகாரம் ஒளியைக் கூட்டுவது. ஆனால் அந்தப் பரிகாரம் மிகுந்த விலை கேட்கிறது. நுட்பம் பத்து மடங்காக வேண்டுமானால் ஒளி நூறு மடங்காக வேண்டும். லைகோவின் கரங்களுக்குள் கண்ணாடிகளுக்கிடையே முன்னும் பின்னும் ஓடும் ஒளியின் திறன் 2019ஆம் ஆண்டின் நோக்குக் காலத்திலேயே 2 லட்சம் வாட்டைத் தாண்டிவிட்டது. அந்த ஒளியில் மிகச் சிறு பங்கைக் கண்ணாடி உறிஞ்சினாலும் அது சூடாகி வடிவம் மாறுகிறது. ஒளியைக் கூட்டிக்கொண்டே போக முடியாது.

இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி திருப்பத்தை உண்டாக்கியது. துளி இரைச்சல் எங்கிருந்து வருகிறது? லேசரிலிருந்து வருகிறது என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விடை. ஆனால் சற்று யோசியுங்கள். லேசரில் ஏற்ற இறக்கம் இருந்தால் ஒளியைப் பிரிக்கும் கண்ணாடி அதையும் சேர்த்தே இரு கரங்களுக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கும். இரு கரங்களிலும் ஒரேபோல் ஏறி ஒரேபோல் இறங்குவது, இரண்டின் வேறுபாட்டை அளக்கும் கருவியில் தெரியக் கூடாது. அப்படியானால் ஒளி கண்ணாடிகளைத் தள்ளுவதால் எழும் நடுக்கமும் வேறுபாட்டில் தெரியாதல்லவா? இது குறித்து 1970களின் இறுதியில் ஆய்வாளர்களிடையே ஒரு சர்ச்சையே இருந்தது.

அதைத் தீர்த்தவர் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் கார்ல்டன் கேவ்ஸ். 1980, 1981ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் இத்துறையில் அடிப்படையானவை. ஒளியைப் பிரிக்கும் கண்ணாடிக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒரு பக்கம் லேசர் நுழைகிறது. மறுபக்கத்தில் எதுவும் நுழைவதில்லை. அது காலியான வாசல். குவாண்டம் கோட்பாட்டின்படி, ஒளியே இல்லாத இடத்திலும் மின்காந்தப் புலம் முற்றிலும் ஓய்ந்து கிடப்பதில்லை. சராசரி சுழியாக இருந்தாலும் அதைச் சுற்றி ஒரு சிறு நடுக்கம் எப்போதும் உண்டு. காலியான வாசல் வழியே நுழைவது இந்த வெற்றிடத்தின் நடுக்கம். அது லேசர் ஒளியோடு கலக்கும்போது ஒரு கரத்தில் கூட்டலாகவும் மறு கரத்தில் கழித்தலாகவும் சேர்கிறது. ஆகவே வேறுபாட்டில் தெரிந்துவிடுகிறது. கருவியின் எல்லையைத் தீர்மானிப்பது லேசர் நுழையும் வாசலன்று, எதுவும் நுழையாத வாசல் என்று கேவ்ஸ் காட்டினார்.

இரைச்சலின் ஊற்று இன்னதென்று தெரிந்தபின் பரிகாரமும் புலப்பட்டது. அந்த வாசலில் நுழைவது வெற்றிடம்தான் என்றால், சாதாரண வெற்றிடத்துக்குப் பதில் திருத்தி அமைத்த ஒரு வெற்றிடத்தை நுழைய விடலாமே!

திருத்தி அமைப்பது என்றால் என்ன? இங்கேதான் ஹைசன்பர்க் வருகிறார். ஒளிப் புலத்துக்கு இரண்டு கூறுகள் உண்டு. நம் தேவைக்கு அவற்றை வீச்சு சார்ந்த கூறு, கட்டம் சார்ந்த கூறு என்று கொள்ளலாம். இரண்டின் நிச்சயமின்மைகளையும் பெருக்கினால் வரும் தொகை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது. கோட்பாடு சொல்வது அவ்வளவே. ஒவ்வொன்றும் தனித்தனியே எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது விதிக்கவில்லை. சாதாரண வெற்றிடத்தில் இரண்டும் சமம். வரைபடத்தில் அது ஒரு வட்டம். வட்டத்தை ஒரு திசையில் அமுக்கினால் அது நீள்வட்டமாகும், பரப்பு குறையாது. கட்டத்தின் நிச்சயமின்மை சுருங்கும். வீச்சின் நிச்சயமின்மை பெருகும். நமக்கு அளக்க வேண்டியது கட்டம். ஆகவே வீச்சில் நட்டத்தை ஏற்றுக்கொண்டு கட்டத்தில் ஆதாயம் பெறலாம்.

இத்தகைய ஒளிக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று யோசித்தேன். 'பிழிந்த ஒளி' எனலாம். ஆனால் பிழிந்தால் சாறு வெளியேறிவிடும். இங்கே எதுவும் வெளியேறுவதில்லை. நீர் நிரப்பிய பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கிறதே, அதுபோன்றது இது. ஆகவே 'அமுக்கிய ஒளி' என்ற சொல்லை ஆள்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களில் எவருக்கேனும் தோன்றினால் ஏற்றுக்கொள்ளத் தயங்க மாட்டேன்.

அமுக்கிய ஒளியின் கணிதம் கேவ்ஸுக்கு முன்பே உருவாகிவிட்டது. ஹொரேஸ் யுவென் 1976இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. அதற்கும் முன்னர், இந்த ஒளி எவ்விதத்தில் புதியது என்று வரையறுக்க உதவும் கருவியைத் தந்தவர்களில் ஒருவர் நம் பக்கத்தவர். கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் பிறந்து, தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற இ. சி. ஜி. சுதர்சன், 1963இல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ராய் கிளாபர் என்ற அறிஞரும் அதே ஆண்டில் இவ்வழியில் எழுதினார். எந்த ஒளியையும் சீரான அலைகளின் கலவையாக எழுதலாம். ஒவ்வோர் அலைக்கும் ஓர் எடை கொடுக்கலாம் என்பது அவர்கள் முறை. விளக்கொளிக்கும் சாதாரண லேசர் ஒளிக்கும் அந்த எடைகள் நிகழ்தகவுகளைப் போல் ஒழுங்காக நடந்துகொள்ளும். அமுக்கிய ஒளிக்கு அப்படி நடந்துகொள்ளா. சீரான அலைகளை எந்த விகிதத்தில் கலந்தாலும் அமுக்கிய ஒளி கிடைக்காது என்பது இதன் பொருள். அது முழுக்க முழுக்கக் குவாண்டம் உலகத்தின் பொருள். சுதர்சன் பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

கணிதத்தில் கண்டதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டுவது அடுத்த கட்டம். 1985இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்லஷர் குழுவினர் சோடியம் அணுக்களைப் பயன்படுத்தி முதன்முதலாக அமுக்கிய ஒளியை உண்டாக்கினர். இரைச்சல் வெற்றிடத்தின் அளவுக்குக் கீழே இறங்கியது. ஆனால் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே. 1986இல் ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லிங்-ஆன் வூ, ஜெஃப் கிம்பிள் குழுவினர் ஒரு படிகத்தைக் கொண்டு இரைச்சலைப் பாதிக்கும் மேல் குறைத்தனர்.

படிகம் செய்யும் வேலை சுவையானது. இன்றைய கருவிகளில் பச்சை ஒளியைப் படிகத்துக்குள் செலுத்துகிறார்கள். சில நேரங்களில் ஒரு பச்சை ஃபோட்டான் இரண்டு அகச்சிவப்பு ஃபோட்டான்களாகப் பிளக்கிறது. அவை இரட்டையர். தனித்தனியாகச் சிதறி விழும் துளிகளைப் போலன்றி இவை ஒன்றோடொன்று தொடர்புகொண்டு பிறக்கின்றன. அந்தத் தொடர்புதான் ஏற்ற இறக்கத்தை ஒரு கூறில் அடக்கி மறு கூறில் பெருக்குகிறது. துளிகள் தமக்குள் கலந்தாலோசிப்பதில்லை என்று முன்னர்ச் சொன்னேன். படிகம் அவற்றுக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுத் தருகிறது எனலாம். 1987இல் கிம்பிள் குழுவினர் இந்த ஒளியை ஒரு சிறு குறுக்கீட்டுமானியின் காலியான வாசலில் செலுத்தி, துளி இரைச்சலின் எல்லையைத் தாண்டிக் கட்டத்தை அளந்து காட்டினர்.

ஆறே ஆண்டுகளில் கேவ்ஸின் கருத்து மேசையின் மேல் மெய்யாயிற்று. ஆனால் மேசையிலிருந்து பெரிய நிலையங்களுக்குச் செல்ல இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு. முதல் சோதனைகள் நொடிக்குப் பல லட்சம் அதிர்வுகள் கொண்ட பகுதியில் நடந்தவை. ஈர்ப்பலைகளோ நொடிக்குச் சில பத்து முதல் சில ஆயிரம் அதிர்வுகள் வரை உள்ளவை. நம் காது கேட்கும் ஒலியின் எல்லைக்குள் வருபவை. அந்தத் தாழ்ந்த அதிர்வெண்களில் எங்கோ சிதறிய ஒளியின் ஒரு துணுக்கு, ஆடும் ஒரு கண்ணாடி என்று எது வேண்டுமானாலும் அமுக்கத்தைக் கெடுத்துவிடும். 2004இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இந்தப் பகுதியிலும் அமுக்கிய ஒளியை உண்டாக்கிக் காட்டினர். பின்னர் ஜெர்மனியில் ஹானோவர் அருகே உள்ள ஜியோ 600 என்ற 600 மீட்டர் நிலையம் 2010 முதல் அதைப் பயன்படுத்தலாயிற்று. லைகோவின் ஹான்ஃபோர்டு நிலையத்தில் 2011இல் சோதித்துப் பார்த்தனர். 2019 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய மூன்றாம் நோக்குக் காலத்தில் லைகோவின் இரு நிலையங்களும் இத்தாலியின் விர்கோ நிலையமும் அமுக்கிய ஒளியோடு வானத்தைக் கவனித்தன.

பயன் எவ்வளவு? லைகோவில் துளி இரைச்சலின் திறன் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. லேசர் ஒளியை இரட்டிப்பாக்கியிருந்தால் கிடைத்திருக்கும் நன்மைக்கு இது ஈடு. எட்டிப்பார்க்கும் தொலைவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடியது. இது சிறிய ஆதாயமாகத் தோன்றலாம். ஆனால் விண்மீன் கூட்டங்கள் எல்லாத் திசைகளிலும் பரந்திருக்கின்றன. தொலைவு எட்டில் ஒரு பங்கு கூடினால் கருவியின் பார்வைக்குள் வரும் வெளியின் கன அளவு நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் கூடிவிடும். அதனால் எதிர்பார்க்கப்படும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை நூற்றுக்கு 40 முதல் 50 வரை உயர்ந்தது. முதல் இரு நோக்குக் காலங்களில் உறுதியானவை 11 நிகழ்ச்சிகள். மூன்றாம் காலம் 2020 மார்ச்சில் முடிந்து, பதிவுகளை ஆராய்ந்து பட்டியலிட்டபோது மொத்தம் 90 ஆயிற்று. இதற்குப் பல திருத்தங்கள் காரணம்; அமுக்கிய ஒளி அவற்றுள் ஒன்று.

இந்த வெற்றியில் மயங்கிவிடாமல் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, அமுக்கிய ஒளி மிக மென்மையானது. வழியில் ஒரு ஃபோட்டான் தொலைந்தால், அந்த இடத்தில் சாதாரண வெற்றிடம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2016இல் ஹானோவரில் ஆய்வாளர்கள் இரைச்சலின் திறனை வெற்றிட அளவில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டு வந்தார்கள். ஆனால் அத்தகைய ஒளியைப் பெரிய நிலையத்துக்குள் செலுத்தி, கண்ணாடிகளிலும் சாளரங்களிலும் அதில் கால் பங்கு இழக்கப்பட்டால், எஞ்சும் இரைச்சல் கால் பங்குக்குக் கீழே ஒருபோதும் இறங்காது. ஊற்றில் எவ்வளவு சுத்தமான நீர் இருந்தாலும் வாய்க்காலில் கலப்பதைப் பொறுத்தே வயலில் பாயும் நீர் அமையும். இன்று இத்துறையில் பெரும்பாலான உழைப்பு வாய்க்காலைச் சீராக்குவதில்தான் செலவாகிறது.

இதைவிடக் கூர்மையான வழியும் உண்டு. ஃபோட்டான்கள் அனைத்தும் ஒரு கரத்தில், அல்லது அனைத்தும் மறு கரத்தில் என்ற இரு நிலைகளையும் ஒருசேர அமைத்தால், 10,000 ஃபோட்டான்கள் நூறில் ஒரு பங்குக்குப் பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தைத் தரும் என்கிறது கோட்பாடு. இதற்கு ஹைசன்பர்க் எல்லை என்று பெயர். 2004இல் கனடாவில் மூன்று ஃபோட்டான்களையும் ஆஸ்திரியாவில் நான்கு ஃபோட்டான்களையும் கொண்டு இதற்கான சோதனைகளை நடத்தினர். ஆனால் இக்கூட்டத்தில் ஒரே ஒரு ஃபோட்டான் தொலைந்தாலும் கட்டம் பற்றிய செய்தி முழுவதும் அழிந்துவிடும். பெரிய நிலையங்கள் அமுக்கிய ஒளியை ஏற்றதற்கு இதுவே காரணம். அது இழப்புக்கு ஏற்ப மெல்ல மெல்லக் குறையுமே தவிர, ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடாது.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது. கட்டத்தில் பெற்ற ஆதாயத்துக்கு வீச்சில் நட்டம் உண்டு என்றேன். அந்த நட்டம் கணக்கேட்டில் மட்டும் இருக்கவில்லை. நேரில் வந்து நின்றது. வீச்சு ஏறி இறங்கினால் ஒளி கண்ணாடிகளைத் தள்ளும் விசையும் ஏறி இறங்கும். தாழ்ந்த அதிர்வெண்களில் இந்த உந்துதல் கண்ணாடிகளை ஆட்டத் தொடங்கும். அளப்பவர் தாம் அளப்பதை அசைத்துவிடுகிறார் என்ற எச்சரிக்கையை மாஸ்கோவின் விளாதிமிர் பிராகின்ஸ்கி 1960களிலேயே விடுத்திருந்தார். லிவிங்ஸ்டன் நிலையத்தின் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு அதை நேரடியாகக் காட்டியது. குவாண்டம் நடுக்கம் 40 கிலோகிராம் கண்ணாடிகளை அசைக்கிறது. அந்த அசைவு ஒரு மீட்டரில் கோடி கோடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அணுவின் உலகத்தில் மட்டும் நடப்பதாக நாம் கருதிய ஒன்று, ஓர் ஆள் தூக்கத் திணறும் எடையுள்ள பொருளில் அளக்கப்பட்டுவிட்டது.

இதற்கும் வழி தேடினார்கள். உயர்ந்த அதிர்வெண்களில் கட்டத்தை அமுக்க வேண்டும். தாழ்ந்த அதிர்வெண்களில் வீச்சை அமுக்க வேண்டும். ஒரே ஒளி, அதிர்வெண்ணுக்கேற்ப அமுக்கும் திசையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கிம்பிள், தோர்ன் முதலியோர் 2001இல் இதற்கான திட்டத்தை எழுதி வைத்திருந்தனர். அமுக்கிய ஒளியைப் பெரிய நிலையத்தில் செலுத்துவதற்கு முன் இரு கண்ணாடிகளுக்கிடையே அமைந்த மற்றொரு நீண்ட வெற்றிடக் குழாயில் நுழைத்து எடுத்தால், தாழ்ந்த அதிர்வெண்களின் பகுதி மட்டும் திரும்பிவிடும். லைகோவில் 300 மீட்டர் நீளமுள்ள அத்தகைய குழாயை அமைத்தனர். 2023 மே 24 அன்று தொடங்கிய நான்காம் நோக்குக் காலத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அமுக்கிய ஒளி இல்லாத நிலையோடு ஒப்பிட்டால், எதிர்பார்க்கப்படும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை நூற்றுக்கு 65 வரை கூடியது.

அன்பர்களே, நான் தொடங்கிய வாக்கியத்துக்கு மீள்கிறேன். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று குவாண்டம் இயற்பியல் சொல்லிவிட்டதா? இந்த வரலாற்றில் நிச்சயமின்மை எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். அதற்கு இடம் உண்டு; ஒரு குறிப்பிட்ட வாசல் வழியாக நுழைகிறது. அதற்கு அளவு உண்டு. எண்ணால் எழுத முடிகிறது. அதற்கு விதி உண்டு; ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் இவ்வளவு புடைக்கும் என்று முன்கூட்டியே கணித்து, 300 மீட்டர்க் குழாய் கட்டி, கணித்தபடியே நடப்பதைக் காண முடிகிறது. கைவிரித்துவிட்ட ஓர் அறிவு இதைச் செய்யாது. நிச்சயமின்மைக் கோட்பாடு மிகக் கண்டிப்பான கணக்கர் ஒருவரைப் போன்றது. ஒரு காசும் ஏமாற்ற விடமாட்டார். ஆனால் எந்தச் செலவை எந்தப் பத்தியில் எழுதுவது என்ற உரிமையை நமக்கே விட்டிருக்கிறார்.

எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்ற உரிமையை இக்கோட்பாடு எவருக்கும் தரவில்லை. ஒரு கருத்துக்கு அறிவியலைத் துணைக்கு அழைக்க விரும்புகிற எழுத்தாளர், அந்த அறிவியல் உண்மையில் என்ன சொல்கிறது என்று ஒருமுறை விசாரித்துவிட்டு அழைப்பது நல்லது. எழுத்தில் நாம் ஒருவருக்கொருவர் கேட்கும் நேர்மையும் அதுதானே.

மற்றொன்றையும் சொல்லி முடிக்கிறேன். கேவ்ஸின் கட்டுரை வந்தது 1981இல். லைகோவின் இரு நிலையங்களும் அமுக்கிய ஒளியோடு நோக்கத் தொடங்கியது 2019இல். இடையே 38 ஆண்டுகள். பெரும்பாலான நாட்களில் செய்த வேலை, எங்கோ தப்பிச் செல்லும் நூற்றுக்கு ஒரு பங்கு ஒளியைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான். நம் நாட்டிலும் மகாராட்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் இத்தகைய நிலையம் ஒன்றை அமைக்க நடுவண் அமைச்சரவை 2023 ஏப்ரலில் ஒப்புதல் அளித்திருக்கிறது. அதில் பணியாற்றப் போகும் இளைஞர்களுள் தமிழ் வழியில் படித்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தப் பொருளைத் தம் மொழியில் எண்ணிப் பார்க்க உதவும் சொற்கள் வேண்டும். அவற்றை ஆக்கும் பணியில் இலக்கிய வட்டங்களுக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.